அரக்கு மாளிகையும் ஜல மெருகும்

வாரணாவதத்தில் பாண்டவர்களுக்கென்று துரியோதனன் கட்டுவித்த மாளிகை பார்ப்பதற்கு வெகு அழகாயிருந்ததாம். ஆனால் உள்ளே காலெடுத்து வைத்ததுமே தருமபுத்திரரின் மூக்கில் ஒரு வாடை பட்டது. நெய்யும் அரக்கும் கலந்த வாடை. உடனே விஷயத்தைப் புரிந்துகொண்டு பீமனிடம் இரகசியமாகச் சொல்லி எச்சரித்தார். விதுரர் முன்பே குறிப்பாக எச்சரித்திருந்தார், சுரங்கக்காரனின் மண்வெட்டியும் பிற்பாடு உதவிக்கு வந்தது என்றாலும், மாளிகைக்குள் அபாயத்தை மோப்பம் பிடித்தது அந்த மூக்குதான்.

இன்று நாம் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்கிறோம். வாசற்கதவு முதல் பூஜை அறைக் கதவு வரையில் பாலிஷ் அடித்து மூன்று நாள் ஆகியிருக்கும். தின்னர் நெடி கண்ணைக் கரிக்கிறது. வந்திருக்கும் உறவினர்களோ மூச்சை நன்றாக இழுத்து, "ஆகா, புது வீட்டு வாசனை!" என்று புகழ்கிறார்கள். தருமபுத்திரர் அந்த விருந்துக்கு வந்திருந்தால் சாப்பிடாமலே திரும்பிப் போயிருப்பார் என்று தோன்றுகிறது.

மதுரைக்கு மேற்கே தேனி செல்லும் சாலையில், நீண்டு கிடக்கும் நாகமலையின் அடிவாரத்தில் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. சமணர்கள் ஏவிய மாய நாகத்தை அனந்தகுண பாண்டியன் அம்பெய்து வீழ்த்த, அதுவே மலையாகக் கிடக்கிறது என்று திருவிளையாடற் புராணம் கூறும். 1966-ம் வருஷம் ஏற்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம், இப்பொழுது காமராஜர் பெயர் தாங்கியிருப்பது, இந்தச் சாலையிலேயே சற்றுத் தள்ளி இருக்கிறது. மதுரை நகரம் மேற்கே வளர வளர, இந்தப் பக்கமெல்லாம் புது வீடுகள் எழும்பி வருகின்றன. வீடு என்றால் கதவு, ஜன்னல், அலமாரி, ஊஞ்சல் எல்லாம் உண்டு. அவற்றுக்கு எந்த மெருகு பூசுவது என்பது கடைசி வாரத்தில், கையிருப்புப் பணம் கரைந்துபோன சமயத்தில், அவசரமாகத் தீர்மானிக்கப்படுகிற காரியமாக இருந்து வருகிறது. வீட்டில் இருப்பவர்களின் சுவாசத்தையும், பாலிஷ் அடிக்க வருகிறவரின் ஆயுளையும் தொடுகிற காரியம் இது. கொஞ்சம் நிதானமாக யோசிப்பது நல்லது.

அரக்கின் கீர்த்தி

மரத்துக்கு மெருகேற்றும் வித்தையில் நம் தேசம் யாருக்கும் பின்தங்கியதன்று. பலாசு, இலந்தை, குசும்பம் முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒரு சிறு பூச்சி ஒட்டிக்கொண்டு சுரக்கும் பிசினே அரக்கு. சம்ஸ்கிருதத்தில் லாக்ஷா என்கிறார்கள். ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் பெயரும் இந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். சுத்தம் செய்த அரக்கைச் சாராயச் சத்தில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் தோய்த்து, மரத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் மெருகுக்கு ஐரோப்பியர்கள் ‘பிரெஞ்சுப் பாலிஷ்’ என்று பெயர் வைத்தார்கள். நம் தச்சர்கள் ‘ஸ்பிரிட் பாலிஷ்’ என்பார்கள். பூச்சி நம்முடையது, பெயர் மட்டும் பிரெஞ்சுக்காரனுடையது!

பாட்டனார் வீட்டில் கேட்ட பழைய கிராமபோன் தட்டுக்களும் அரக்கினால் செய்யப்பட்டவையே. ராஞ்சிக்கு அருகில் நாம்குமில் 1924-ம் வருஷம் தொடங்கப்பெற்ற அரக்கு ஆராய்ச்சி நிலையம் இன்றும் வேறு பெயருடன் வேலை செய்து வருகிறது.

அரக்கு மெருகு அழகானது. மரத்தின் ரேகைகளை உயிர்ப்பித்துக் காட்டுவது. காய்ந்த பிறகு யாருக்கும் தீங்கு செய்யாதது. ஆனால் அதற்குச் சில பலவீனங்கள் உண்டு. சுடச்சுடக் காப்பி டம்ளரை அதன்மேல் வைத்தால் வெள்ளை வளையம் விழும். கைகழுவும் சாராயத் திரவம் சிந்தினால் கரையும். தினந்தோறும் புழங்குகிற சாப்பாட்டு மேஜைக்கு அது தாங்காது.

1937-ல் பிறந்த போட்டியாளன்

ஜெர்மனியில் லெவர்குசன் என்னும் ஊரில் ஓட்டோ பேயர் என்ற ரஸாயன சாஸ்திரி தமது சகாக்களுடன் 1937-ம் வருஷம் ஒரு புது வஸ்துவை உண்டாக்கினார். ஐசோசயனேட் என்ற ஒரு தினுசும் பாலியால் என்ற மற்றொரு தினுசும் கைகோத்து நீண்ட சங்கிலியாக இணைவதால் உண்டாவது அது. அதற்குப் பாலியூரிதேன் என்று பெயர். மெத்தைப் பஞ்சு, செருப்பு அடி, பசை, மரத்தின் மேல்பூச்சு என்று பல அவதாரங்களை அது எடுத்துவிட்டது. கடைத்தெருவில் ‘பி.யூ. பாலிஷ்’ என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான்.

நம் ஊரில் பெரும்பாலும் வழங்கும் பி.யூ. பாலிஷ் இரண்டு டப்பாக்களாக வரும். ஒன்றில் மூலப்பொருள், மற்றொன்றில் ஹார்டனர். இரண்டையும் கலந்து, தின்னர் ஊற்றி, ஸ்பிரே துப்பாக்கியால் அடிப்பார்கள். கண்ணாடிபோல் மின்னும், கல்போல் இறுகும். அதைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். துப்பாக்கியிலிருந்து பனிபோல் பறக்கும்போது அதைச் சுவாசித்தவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அப்புறம் துளியளவு பட்டாலும் மூச்சு முட்டும். தொழிலையே விட்டுவிட நேரும். (1984-ல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் இதே குடும்பப் பெயர் கொண்ட வேறொரு விஷம், இரண்டையும் ஒன்றென்று எண்ணி மிரள வேண்டாம்.) இந்த இனத்துச் சரக்கைத் தொழிலில் உபயோகிப்பவர்கள் தகுந்த பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டு முதல் சட்டமாக்கியிருக்கிறது. நம் பாலிஷ்காரர்கள் பலர் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். கைக்குட்டை தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

தின்னரின் ஆவியோ காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து சென்று மூலையில் தேங்கும். பக்கத்து அறையில் யாராவது குத்துவிளக்கை ஏற்றினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த வார்னிஷ்களுக்கும் ஒரு சூழ்ச்சி உண்டு. அதில் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டு வைத்தால், காயும்போது உண்டாகும் சூட்டினால் தாமே பற்றிக்கொள்ளும். புரோசனனுக்கு வேலையே வைப்பதில்லை!

தண்ணீரும் பிசினும் சினேகமான கதை

இந்த இடத்தில்தான் ஜலத்தை ஆதாரமாகக் கொண்ட பாலியூரிதேன் வருகிறது. பெயரைக் கேட்டதும், "தண்ணீரில் கரைகிற பூச்சு தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடாதோ?" என்று இல்லத்தரசிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அது தண்ணீரில் கரைந்திருப்பதில்லை; மிதக்கிறது. தொழிற்சாலையிலேயே பாலியூரிதேனைச் செய்து முடித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்களாக்கி, தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார்கள். ஒரு தலைமயிரின் கனத்துக்குள் அப்படிப்பட்ட துகள்கள் சில நூற்றை வரிசையாக அடுக்கி விடலாம். பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதால் பால் வெள்ளையாகத் தெரிகிறதல்லவா? அதேபோல் இந்த மெருகும் டப்பாவில் பால்போல் வெண்மையாக இருக்கும். மரத்தில் பூசியதும் தண்ணீர் ஆவியாகும். துகள்கள் ஒன்றையொன்று நெருக்கும். பிறகு லட்டுப் பிடிக்கிற கதைதான். பூந்திகளைப் பாகு இளக்கி, கை அழுத்தி ஒரே உருண்டையாக்குகிறது. இங்கே கலந்திருக்கும் சிறிதளவு கரைப்பான் பாகின் வேலையைச் செய்கிறது. துகள்கள் ஒன்றாகி, பூச்சு தெளிந்த படலமாக மாறுகிறது. லட்டை மறுபடியும் பூந்தியாக உதிர்க்க முடியுமா? அதுபோல, படலமான பிறகு தண்ணீர் பட்டால் அது கரைவதில்லை.

ஐசோசயனேட்டின் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுவதால், ஒரே டப்பாவாக வரும் ஜல மெருகில் அந்த அபாயம் வெகு சொற்பம். தின்னர் தேவையில்லை. நெடியும் தீப்பற்றும் பயமும் மிகக் குறைவு. ஐரோப்பியச் சட்டம் 2010 முதல் இத்தகைய மர வார்னிஷ்களுக்கு வைத்திருக்கும் வரம்பைப் பார்த்தாலே வித்தியாசம் விளங்கும். கரைப்பான் வகைக்கு லிட்டருக்கு 400 கிராம் ஆவிப்பொருள் வரையில் அனுமதி. ஜல வகைக்கு 130 கிராம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஜல மெருகிலும் ஹார்டனருடன் இரண்டு டப்பாவாக வருகிற தினுசு இருக்கிறது. அதற்குப் பழைய ஜாக்கிரதை அத்தனையும் வேண்டும். மேலும், நெடி குறைவு என்பதற்காக ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு அடிக்கலாகாது.

நாகமலைக் காற்றுக்கு ஏற்ற பக்குவம்

மேல்நாட்டுப் புத்தகங்கள், குளிர் அதிகமானால் ஜல மெருகு சரியாகப் படலமாகாது என்று எச்சரிக்கின்றன. நமக்கு அந்தக் கவலை இல்லை. நம்முடைய சங்கடம் நேர் எதிரானது. சித்திரை வைகாசியில் மதுரைச் சமவெளியில் வெயில் 40 டிகிரியை எட்டும். தூரிகை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள் முதற்கோடி காய்ந்து, கோடு கோடாகத் தடம் விழும். ஆகையால் கோடையில் விடியற்காலையில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பலகையை வெயிலில் வைக்கக் கூடாது. மின்விசிறியை நேராகச் சுழல விடக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் காற்று நீர் கோத்திருக்கும்; தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் பூச்சு நெடுநேரம் ஈரமாயிருக்கும். அப்பொழுது ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரட்டிப்புப் பொழுது விடுவது உத்தமம்.

இனி வேலை முறை. தண்ணீர் பட்டால் மரத்தின் நார் மயிர்க்கூச்செறிந்ததுபோல் எழும்பி நிற்கும். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. இழைப்புளி போட்டு, உப்புத்தாள் தேய்த்து முடித்த பலகையை, பூசுவதற்கு முன்னால் நாமே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்ததும் எழும்பிய நாரை 220-ம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் அடங்கிவிடும். பிறகு மெருகு பட்டாலும் அவ்வளவாக எழும்பாது.

டப்பாவைக் குலுக்கக் கூடாது, குமிழி உண்டாகும். அடியில் தங்கியிருக்கும் மங்கல் பொடி கலக்கும்படி குச்சியால் மெதுவாகக் கிளற வேண்டும். தூரிகை நைலான் நாராக இருக்கட்டும். பன்றி மயிர்த் தூரிகை தண்ணீரில் ஊறித் தொய்ந்துவிடும். பழக்கதோஷத்தால் யாராவது தின்னரையோ டர்பன்டைனையோ ஊற்றிவிட்டால், புளித்த மோர் விழுந்த பால்போல் முழுதும் திரிந்துபோகும். இளக்க வேண்டுமானால் டப்பாவில் குறித்த அளவுக்குத் தண்ணீரே போதும்.

மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை பூசுவதே முறை. கனமாக ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். பூசிய இடத்தில் திரும்பத் திரும்பத் தூரிகையை ஓட்டினால் பாதி காய்ந்த படலம் இழுபட்டுச் சிதையும். இரண்டு பூச்சுக்கு நடுவே 320-ம் நம்பர் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு ஈரத்துணியால் தூசி துடைப்பு. இரும்புக் கம்பிப் பஞ்சை மட்டும் கிட்டே சேர்க்க வேண்டாம். அதன் துணுக்கு ஈரத்தில் துருப்பிடித்துப் புள்ளி விழும். தேக்கு, கருவேலம் முதலிய துவர்ப்பு மரங்களில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மையைக் கொட்டியதுபோல் கறுத்துவிடும்.

தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுபோலிருக்கும், நம்பிவிடாதீர்கள். முழு உரம் ஏற இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகும். அதுவரையில் சாப்பாட்டு மேஜைமேல் சுடு பாத்திரம் வைப்பதோ, ஈரத்துணியை விரிப்பதோ கூடாது. கிரகப்பிரவேச முகூர்த்தம் குறித்தவுடன் பாலிஷ்காரருக்கும் முகூர்த்தம் குறித்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

பழையதும் புதியதும்

ஜல மெருகுக்குப் பெரிய குறை என்று ரஸிகர்கள் சொல்வது அதன் நிறமின்மை. எண்ணெய் வார்னிஷ் மரத்துக்குத் தேன் நிறம் கொடுக்கும். ஜல மெருகு கொடுக்காது. பூவரசு, வேம்பு, வாகை முதலிய மரங்களின் இயற்கை நிறத்தை அப்படியே காட்ட வேண்டுமென்றால் இதுவே நன்மை. ஆனால் பர்மாத் தேக்குக் கதவில் இதைப் பூசினால், சுரத்தில் கிடந்து எழுந்தவன் முகம்போல் வெளிறித் தெரியும். தவிரவும் தேக்கில் இயற்கையாகவே ஒருவித எண்ணெய் இருக்கிறது. அதன்மேல் தண்ணீர்ச் சரக்கு சரியாகப் பிடிக்காது.

இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து நம்மிடமே இருக்கிறது. அதுதான் பழைய அரக்கு! தேக்கை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, மெழுகு நீக்கிய அரக்கை ஒரே ஒரு கை மெல்லியதாகப் பூசினால், தேன் நிறமும் வரும், மேலே வருகிற ஜல மெருகுக்குப் பிடிப்பும் கிடைக்கும். மெழுகு நீக்குவது பிரமாத வித்தையன்று. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துக் கண்ணாடிப் புட்டியில் சில நாள் அசையாமல் வைத்தால் மெழுகு அடியில் தங்கும்; மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். மெழுகோடு பூசினால் பாலியூரிதேன் அதன்மேல் நிற்காது, உரிந்துவிடும். இது வெகு முக்கியம்.

செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து பழைய கதவும் தூணும் வாங்கிவந்து புது வீட்டில் வைப்பது இப்பொழுது பலருக்கும் பிரியமாயிருக்கிறது. பழைய மரத்தை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன்மேல் பழைய வர்ணம் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கலாகாது என்ற விதி நம் தேசத்தில் நடைமுறைக்கு வந்தது 2017-ல்தான். உலர்ந்தபடியே தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும். தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுத்துவிடும். ஆகையால் குழந்தைகள் இல்லாத இடத்தில், நனைத்துத் தேய்த்து, வழித்தெடுத்ததைக் காகிதத்தில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

வாசற்கதவைப்பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுவது நலம். தினமும் வெயில் அடிக்கிற கதவில் எந்தத் தெளிந்த மெருகும் நெடுநாள் நிற்பதில்லை. சூரியனின் புற ஊதாக் கிரணங்கள் பூச்சை ஊடுருவிச் சென்று, மரநாரைக் கட்டியிருக்கும் லிக்னின் என்ற பசையைச் சிதைக்கின்றன. காலடி மண் கரைந்தபின் சுவர் நிற்குமா? பூச்சு செதில் செதிலாக உரிகிறது. வெளிக்கதவுக்கென்றே கிரணத்தைத் தடுக்கும் சரக்கு சேர்த்த தினுசு உண்டு. அதை வாங்க வேண்டும். ஒரு நல்ல தாழ்வாரமும், மங்கத் தொடங்கியதும் வருஷத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து ஒரு பூச்சு போடுவதும், விலையுயர்ந்த எந்த டப்பாவைக் காட்டிலும் கதவைக் காப்பாற்றும்.

ஆக, யோசனை இதுதான். உள்ளறைக் கதவுகள், அலமாரி, குழந்தையின் தொட்டில், சாப்பாட்டு மேஜை, தலையெண்ணெயும் வியர்வையும் படுகிற ஊஞ்சற்பலகை, கட்டிலின் தலைமாடு ஆகியவற்றுக்கு ஜல மெருகு தகும். அடியில் அரக்கு இருந்தால் தேக்குக்கு இன்னும் தகும். பாட்டனார் காலத்து மேஜையில் நல்ல ஸ்பிரிட் பாலிஷ் இன்னும் இருந்தால் அதை உரிக்க வேண்டாம். அரக்கின்மேல் அரக்கையே ஏற்றிப் புதுப்பிக்கலாம்.

விலை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாயிருக்கிறது என்பது வாஸ்தவம். தின்னர்க் காசு மிச்சம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழகிய கையும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. வீட்டுக்காரர் கேட்டால்தான் பாலிஷ்காரரும் பழகிக்கொள்வார். "ஐயா, இதில் அந்தப் பளபளப்பு வராதுங்க" என்று அவர் முதலில் மறுப்பார். ஒரு சிறு பலகையில் பூசிக்காட்டச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கிற ஒரு மணி நேரம் அவருக்கு இருமல் வராததை அவரே கவனிப்பார்.

கதவு நம் வீட்டில் முப்பது வருஷம் நிற்கப்போகிறது. அதைப் பளபளக்கச் செய்தவரும் முப்பது வருஷம் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, தம் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாமா?